திருநந்தவனமும் வண்டினமும்

திருக்கோயிற் குடமுழுக்கு ஒரு நாளில் நிறைவுறும் பெருவிழாவாயினும், அதற்கென நிகழும் திருப்பணிகள் ஆண்டுக் கணக்காக நீள்வன. விமானம் புதுக்குதல், மதில் எடுத்தல், திருக்குளம் தூர் வாருதல், தளவரிசை இடுதல் முதலியவற்றை அன்பர்கள் பொருள் வழங்கி நிறைவேற்றுகின்றனர். அவற்றின் பயன் கண்ணுக்குப் புலனாகும். வழங்கியோர் பெயரும் கல்லிற் பொறிக்கப்பெறும். ஆயின் திருக்கோயிலின் உறுப்புக்களுள் ஒன்று இவ்வரிசையில் இறுதியிலேயே நினைக்கப்பெறுகின்றது. சில இடங்களில் நினைக்கப்பெறாமலும் போகின்றது. அதுவே திருநந்தவனம்.

நந்தவனத்தை நினையாமை ஒரு குறை. நினைத்தும் பிழைபட அமைத்தல் பிறிதொரு குறை. நந்தவனம் இருந்த இடத்தில் வெட்டிச் சமன்செய்த புல்தரையும், வண்ண இலைகளையுடைய குரோட்டன்ஸ் செடிகளும், நடைபாதைச் சிமெண்டுக் கற்களும் விளங்கக் காண்கின்றோம். காண்பார்க்கு அழகாகவே தோன்றும். ஆயின் இறைவனுக்குச் சார்த்த அங்கே ஒரு பூ இல்லை; வண்டுக்கு ஒரு துளி தேனும் இல்லை. பூவும் வண்டும் இல்லாத இடத்தை நந்தவனம் என்றல் பெயரளவேயாம்.

ஆதலின் ஒன்றனை இம்மலரின் வாயிலாக அன்பர்கள் திருமுன் வைக்க விரும்புகின்றோம். நந்தவனத்தில் எவை நிற்றற்குரியன, எவை களைதற்குரியன என்பதற்கு ஒவ்வொரு திருக்கோயிலும், ஒவ்வோர் ஊரும் எழுதப்பட்ட விதி ஒன்று வகுத்துக்கொள்ளல் வேண்டும். அவ்விதி வண்டினம் வாழ இடந்தருவதாகவும் இருத்தல் வேண்டும். இது புதுவது புனைந்த கொள்கை அன்று. நம் முன்னோர் நெறியை மீண்டும் எடுத்துக்கொள்ளுதலேயாம்.

கல்வெட்டில் நந்தவனம்

சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் 'திருப்பள்ளித்தாமம்' என்னுஞ் சொல் பயின்று வருதலை அறிஞர் அறிவர். இறைவனுக்குச் சார்த்தும் மலர்மாலைக்கு அது பெயர். அம்மாலைக்கு வேண்டும் பூவைத் தருவது திருநந்தவனம். அந்நந்தவனத்தைப் பேணுதற்கென விடப்பட்ட நிலம் 'திருநந்தவனப்புறம்' எனப்பட்டது. மன்னரும், அரசியரும், வணிகரும், ஊரவையாரும் அங்ஙனம் நிலம் விட்டுள்ளனர். செடி நடுவார்க்கும், நீர் இறைப்பார்க்கும், பூப் பறிப்பார்க்கும், மாலை தொடுப்பார்க்கும் நெல்லும் நிலமும் வகுத்துக் கல்லில் வெட்டி வைத்தனர். நந்தவனம் ஓர் அலங்காரம் என்று அவர்கள் கருதியிருப்பின் இத்துணை விரிவாக எழுதி வைத்தல் வேண்டா. நாள்தோறும் நிகழும் பூசையின் வேர் அதுவென்று கருதினமையாலேயே எழுதி வைத்தனர்.

அக்காலத்து அறக்கட்டளையின் நுட்பம் ஒன்று இங்கே கருதத்தக்கது. திருக்கோயிலில் நுந்தா விளக்கு ஒன்று எரித்தற்கு 96 ஆடுகள் விடுவது அந்நாள் வழக்கு. அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுக்கள் கூறும். ஆடு சாவாததும் மூவாததும் அன்று. இறந்தனவும் மூத்தனவும் கழிய, ஈன்ற குட்டிகளால் மந்தையின் எண் குறையாது நிற்றலின் அப்பெயர் பெற்றது. கொடுத்த முதல் தானே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வகையில் அறம் செய்தல் நம் முன்னோர் கண்ட வழி. நந்தவனமும் அத்தகையதே. பூத்தது காய்த்து, காய்த்தது விதையாகி, விதை முளைத்தெழுந்தாலன்றோ அது சாவா மூவா நந்தவனம் ஆகும்? அப்புதுப்பித்தலைச் செய்வது தோட்டக்காரன் கை மட்டும் அன்று. வண்டின் காலும் ஆம்.

தோட்ட வாரியம்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி அறியாதார் இலர். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் அவ்வூர்ச் சபையார் செய்த தீர்மானங்கள் அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் வெட்டப்பட்டுள்ளன. குடவோலை முறைக்காகவே அதனை யாவரும் எடுத்துக்காட்டுவர். நாம் கருத விரும்புவது அதன்கண் உள்ள வேறொரு செய்தி.

30 குடும்புகளிலிருந்து குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பெற்றவர் 30 பேர். இவர்களுள் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், எஞ்சிய 6 பேர் ஏரி வாரியம் என வகுக்கப்பெற்றனர். ஆண்டு முழுதும் ஊர்க் காரியம் பார்த்த பெருவாரியத்துக்கு எத்துணைப் பேரோ, தோட்டத்துக்கும் அத்துணைப் பேர்! மேலும், தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் முன்னர்ச் செய்தாரும், கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தாருமே சம்வத்சர வாரியத்துக்கு உரியராயினர். ஊரை ஆளுதற்கு முன் தோட்டத்தையும் ஏரியையும் ஆளப் பழகுதல் வேண்டும் என்பது அவர்தம் கருத்துப் போலும். வாரியத்தார் பணிபுரியும் காலம் 360 நாள். கணக்குக் காட்டாதார் மீண்டும் தெரிந்தெடுக்கப்படுதற்கு உரியரல்லர்.

தோட்டத்துக்கு விதியும், அவ்விதியை நடத்தும் ஒரு குழுவும், அக்குழுவுக்குக் கணக்கும் இருந்தன என்பது இதனாற் பெறப்படும். இன்று நாம் கேட்பதும் அதுவே.

வண்டு வழிபட்ட தலங்கள்

சைவ சமயம் சிற்றுயிர்களைப் புறத்தே நிறுத்திய சமயம் அன்று. திருவானைக்காவிலும் திருக்காளத்தியிலும் சிலந்தி வழிபட்டது; திருவெறும்பூரில் தேவர்கள் எறும்பாகி வழிபட்டனர். இவ்வரிசையில் வண்டுக்கும் இடம் உண்டு. சுந்தரர் பாடிய நன்னிலத்துப் பெருங்கோயில், கோச்செங்கட் சோழர் எடுத்த மாடக்கோயில்களுள் ஒன்று. அங்கு இறைவன் திருப்பெயர் மதுவனேசுவரர். விருத்திராசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் தேனீக்களாகி அங்கே பூசித்தனர் என்பது தலவரலாறு. காவிரியின் வடகரையில், முசிறிக்கு அணித்தாக உள்ள திருஈங்கோய்மலையில் அகத்திய முனிவர் ஈ வடிவுகொண்டு சென்று வழிபட்டனர் என்பர். ஆற்றின் தென்பால் உள்ள திருவாட்போக்கியில் அம்மை திருப்பெயர் சுரும்பார்குழலி. சுரும்பு என்பது வண்டு. திருச்சிராப்பள்ளியில் அம்மை மட்டுவார்குழலி. மட்டு என்பது தேன். திருவாலங்காட்டில் அம்மை வண்டார்குழலி. தேவாரத்துள் திருப்பருப்பதம் எனப் போற்றப்பெறும் சீசைலத்தில் அம்மை பிரமராம்பிகை. பிரமரம் என்பதும் வண்டே.

தமிழ் மொழி வண்டினத்துக்கு வழங்கும் பெயர்களை நோக்குக. சுரும்பு, ஞிமிறு, தும்பி, அளி, அறுகால் எனப் பலவாம். 'தேன்' என்பதே பழந்தமிழில் வண்டின் ஒரு சாதிக்குப் பெயராய் வழங்கியது. இத்துணை நுண்மையாய் வேறுபாடு கண்டு பெயரிட்ட மக்கள், இன்று பறப்பன எல்லாவற்றையும் 'பூச்சி' என்று ஒரு சொல்லால் அடக்கி, மருந்து தெளிக்கும் கருவியைக் கையில் எடுத்தல் வருந்தத்தக்கது.

வண்டு தொடாத மலர்

இங்கே ஒரு வினா எழும். 'இறைவனுக்கு வண்டு தொடாத மலரையே சார்த்துதல் வேண்டும் என்று நூல்கள் கூறுகின்றன. அங்ஙனமாக, வண்டு வாழ நந்தவனம் வைத்தல் முரண் அன்றோ?' என்பர். வினா நியாயமானதே. விடை நம் பெரியோர் வரலாற்றிலேயே உள்ளது.

புலிக்கால் முனிவராகிய வியாக்கிரபாதர் தில்லையில் வழிபட்ட வரலாற்றை உமாபதி சிவாசாரியர் கோயிற்புராணத்துட் கூறியருளினார். பொழுது புலர்ந்தபின் மலரெடுப்பின் வண்டு முந்திக்கொள்ளும். இருளில் மரம் ஏறினால் பனியால் கால் வழுக்கும், கண் தெரியாது. ஆதலின் மரம் ஏறுதற்குப் புலியின் காலும், இருளிற் காண்டற்கு அதற்கேற்ற கண்ணும் வேண்டுமென்று அவர் இறைவனை இரந்து பெற்றார். அவர் கேட்டது என்ன என்பதை உற்று நோக்குக. 'வண்டுகளை இங்கு வாராமற் செய்க' என்று அவர் வேண்டவில்லை. 'வண்டுக்கு முன்னே எழுந்திருக்கும் ஆற்றலை எனக்குத் தருக' என்றே வேண்டினார்.

திருப்புகலூர் முருக நாயனார் வரலாறும் அத்தகையதே. வைகறையில் எழுந்து, நீராடி, மலரும் பொழுதறிந்து கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என்னும் நால்வகைப் பூக்களையும் வகை வகையாகக் கொய்து மாலை தொடுத்து வர்த்தமானீச்சரத்துப் பெருமானுக்குச் சார்த்தினார் என்று சேக்கிழார் பெருமான் கூறுவர். இவ்விரண்டு வரலாறுகளாலும் விளங்குவது யாது? வண்டு தொடாத மலர் என்னும் விதி அடியவரின் துயிலுக்கு விதித்த வரம்பு. வண்டின் வாழ்வுக்கு விதித்த தண்டனை அன்று. வைகறைப் பூ இறைவனுக்கு. புலர்ந்தபின் நிற்கும் பூ வண்டுக்கு. இப்பங்கீடு பண்டே அமைந்தது. அன்றியும், இன்று பறித்த வில்வம் சென்ற தலைமுறையில் ஒரு வண்டு தொட்ட பூவின் விதையிலிருந்து எழுந்த மரத்ததேயாகலாம் என்பதையும் மறத்தல் ஆகாது.

இறைவன் சூடும் 'களைகள்'

திருவாரூர்க் கமலை ஞானப்பிரகாசர், தருமபுர ஆதீனத்தை நிறுவிய குருஞானசம்பந்தரின் ஞானாசிரியர். அவர் அருளிச் செய்த 'புட்பவிதி' என்னும் நூல், இறைவனுக்குச் சார்த்தும் மலர்களையே பொருளாகக் கொண்டது. மலர்க்கென ஒரு தனிநூல் செய்த சமயம் நம் சமயம். அட்டபுட்பம் எனச் சைவர் போற்றும் எட்டு மலர்கள் புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டை, நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை என்பன. இவற்றுள் வெள்ளெருக்கு இருத்தலைக் காண்க. தும்பையும் ஊமத்தையும் இறைவன் விரும்பிச் சூடுவன என்பதைத் தமிழ்ச் சிறுவரும் அறிவர். கொன்றையோ அவன் அடையாள மலர்.

இனி, நம் ஊர்களில் நிகழ்வதை நோக்குக. உள்ளாட்சி மன்றங்கள் பொதுநலங் கருதிப் புதர்களை அகற்றவும், அகற்றுமாறு பிறர்க்கு அறிவிக்கவும் அதிகாரம் உடையன. அது வேண்டப்படுவதே. பாம்பும் கொசுவும் அடையும் புதர் மக்கள் நடமாடும் இடத்தில் இருத்தல் தகாது. ஆயின் 'புதர்' எது, 'களை' எது என்று வரையறுத்துச் சொல்வார் இல்லாமையால், அரிவாள் ஏந்தியவர் கண்ணுக்கு எருக்கும் புதர், தும்பையும் களை, வேலியோரத்தில் முளைத்த வில்வக் கன்றும் குப்பை. இறைவன் முடிமேல் ஏறுவன எல்லாம் குப்பை வண்டியில் ஏறுகின்றன. பின்னர், அடுத்த பிரதோடத்துக்கு எருக்கமாலை வேண்டுமென்று கடைத்தெருவுக்கு ஆள் அனுப்புகின்றோம்.

இச்செடிகள் வண்டினத்துக்குச் செய்யும் உதவியை இக்காலத்து உயிர்நூலார் ஆராய்ந்து கூறுவர். எருக்கம்பூவின் மகரந்தம் தூளாக உதிராது. சிறு பொதியாகத் திரண்டிருக்கும். கரிய பெருவண்டு தேன் உண்ண அமருங்கால் அப்பொதி அதன் காலில் மாட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குச் செல்லும். எருக்கிலையை உண்டு வளர்வது 'வெந்தய வரியன்' என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு. தும்பை ஒரு சாண் உயரத்துச் செடியேயாயினும், மழைக்குப்பின் அது பூத்து நிற்குங்கால் தேனீக்கள் இடையறாது மொய்க்கும். கொன்றையில் அமரும் கருவண்டு தன் உடலை அதிரச்செய்து மகரந்தத்தை உதிர்க்கும். பவளமல்லி முதலிய, இரவில் மலரும் வெண்மலர்கள் தம் நிறத்தாலும் மணத்தாலும் அந்துப்பூச்சிகளை அழைப்பன. ஆலமர் செல்வன் அமர்ந்த ஆலமரத்துக்கு அதற்கே உரிய சிறு குளவி ஒன்று உண்டு. அக்குளவி அழியின் ஆலுக்கு விதை இல்லை.

திருவிளக்கும் இச்சிற்றுயிர்களால் எரிந்ததேயாம். திருக்கோயில் விளக்குக்குப் பண்டு பெரிதும் பயன்பட்டது இலுப்பை நெய். இலுப்பை இரவில் மலர்வது. அதன் இனிய பூவை நாடி வரும் பழந்தின்னி வௌவால்கள் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கின்றன. வௌவால் வந்தால் பூ காயாகும், காயானால் வித்து, வித்திலிருந்து நெய், நெய்யால் விளக்கு. வௌவாலைக் கண்டு முகஞ்சுளிப்போர் இத்தொடர்பை எண்ணுதல் நன்று.

உலகிற் பூக்கும் செடி மரங்களில் 100க்கு 87 அளவின, காற்றை மட்டும் நம்பாது பிற உயிர்களின் துணையால் கருவுறுவன என்று 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டுள்ளது. நம் நாட்டு அடுக்குத் தேனீக்கள் 1991, 1992ஆம் ஆண்டுகளில் தென்னாட்டிற் பரவிய ஒரு நச்சுயிர் நோயால் கூட்டங்கூட்டமாக மடிந்தன என்பதும் நினைவிற் கொள்ளற்பாலது. மெலிந்த இனத்துக்கு நம் பங்கிற்கு உணவையும் உறையுளையும் மறுத்தல் அறமாகாது.

உழவாரத்தின் எல்லை

'அப்பரடிகள் உழவாரப் படை ஏந்தித் திருவீதியிற் புல்லைச் செதுக்கினாரே. செடிகளை நிற்கவிடுக என்றல் அதற்கு மாறன்றோ?' என வினவுவாரும் உளர். மாறன்று. நாவரசர் பெருமான் செதுக்கியது அடியார் நடக்கும் வழியையும், வலம்வரும் பிராகாரத்தையும் மறைத்த புல். விமானத்தின் இடுக்கில் அரசங்கன்று வேரூன்றினால் கல் பிளக்கும். அதனை அகற்றுதல் கடமை. நந்தவனத்தில் பிற செடிகளை நெருக்கும் பார்த்தீனியமும் சீமைக் கருவேலும் அகற்றற்பாலனவே. அப்பணியை ஒருவரும் தடுத்தல் கூடாது. ஆயின் உழவாரம் என்பது பகுத்தறிந்து செய்யும் தொண்டு. கற்சுவரிலும் நடைவழியிலும் உள்ளது வேறு. நந்தவனத்தில் உள்ளது வேறு. இடமும் இயல்பும் நோக்காது கண்டதெல்லாம் செதுக்குதல் உழவாரம் ஆகாது.

கோபுரத்துத் தேன்கூடு

குடமுழுக்கு நெருங்குங்கால் வேறொரு இடர் எழுகின்றது. மலைத்தேனீக்கள் உயர்ந்த கோபுரங்களிலும் விமானங்களிலும் பெரிய தனி அடையாகக் கூடு கட்டும். யாகசாலைப் புகையும் வேட்டொலியும் அவற்றைக் கலைக்கின், கூடியிருக்கும் மக்களைக் கொட்டி உயிர்க்கும் ஊறு செய்தல் கூடும். இவ்வச்சம் பொய்யன்று. ஆதலின் பலவிடத்தும் தீப்பந்தத்தால் கூட்டை எரித்துவிடுகின்றனர். எல்லா உயிர்க்கும் நலம் வேண்டி வேள்வி வளர்க்கும் இடத்தில், அதற்கு முதல் நாள் பல்லாயிரம் உயிர்களை எரித்தல் பொருந்துமோ என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. மலைத்தேனீ ஓரிடத்தில் நிலைத்து வாழ்வதன்று. பூக்காலம் முடிந்தபின் கூட்டை விட்டுப் பெயர்ந்து செல்வது அதன் இயல்பு. திருப்பணிக்குச் சாரங்கட்டும் நாளை அப்பெயர்ச்சிக்குப் பின்னர் வைத்தல் ஒரு வழி. அதற்கு இடமில்லையாயின், தேனீ வளர்ப்பில் வல்லாரைக் கொண்டு, விழாவுக்குப் பலநாள் முன்னரே, மக்கள் நடமாட்டம் இல்லாத பொழுதில், எரிக்காமல் விலக்குதல் மற்றொரு வழி. விழா நாளை ஈராண்டு முன்னரே எண்ணித் தொடங்கும் நமக்கு, தேனீயின் பொருட்டு ஒரு திங்கள் முன்னர் எண்ணுதல் அரிதன்று.

வகுக்கத்தக்க விதிகள்

மேற்கூறியவற்றைக் கருத்திற் கொண்டு, ஒவ்வொரு திருக்கோயிலும் தனக்கேற்ப மாற்றி அமைத்துக்கொள்ளத்தக்க விதிகள் சிலவற்றைத் தொகுத்துக் கூறுகின்றோம்.

முதலாவது, நந்தவனத்தில் நிற்றற்குரிய செடி மரங்களின் பட்டியல் ஒன்று எழுதப்பெறுதல் வேண்டும். தலமரம் அதில் முதலிடம் பெறுக. கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ நான்கும் இடம்பெறுக. மாசி பங்குனியில் இலுப்பை, சித்திரை வைகாசியில் கொன்றை, மழைக்குப்பின் தும்பை, ஆண்டு முழுதும் எருக்கு என, எத்திங்களிலும் ஏதேனும் ஒன்று பூத்திருக்குமாறு அமைக்க. அடுக்கிதழ்ச் செம்பருத்தியினும் ஒற்றையிதழ்ச் செம்பருத்தி வண்டுக்கு உதவுவது. அடுக்கிதழ்ப் பூவில் மகரந்தத்தாள்கள் இதழ்களாகத் திரிந்துவிடும்.

இரண்டாவது, எருக்கும் தும்பையும் ஊமத்தையும் வில்வக் கன்றும் 'களை' என்னும் சொல்லில் அடங்கா என்று வெளிப்படையாக எழுதுக. எருக்கம்பால் கண்ணுக்கு ஆகாது, ஊமத்தை நஞ்சுடையது. ஆதலின் அவற்றைச் சிறுவர் எட்டாத வேலிக்குள் வளர்க்க.

மூன்றாவது, தரை முழுதும் கல்லும் சிமெண்டும் பாவாமல் ஒரு பகுதியை வெறும் மண்ணாக விடுக. வண்டுகளுட் பல மண்ணைத் துளைத்து வாழ்வன. மதிற் பொந்துகளில் வாழும் கொசுத்தேனீ ஒருவரையும் கொட்டாது. அப்பொந்துகள் மதிலுக்கு ஊறு செய்யாதவிடத்து அவற்றை அடையாது விடுக. அது சில நூறு மீட்டர் தொலைவுக்கு மேல் இரை தேடிச் செல்ல மாட்டாது. ஆதலின் சிறிய நந்தவனமும் அதற்குப் பெரிய உலகமாம்.

நான்காவது, நந்தவனத்தில் பூச்சிக்கொல்லி நஞ்சு தெளித்தலை விலக்குக. நஞ்சு தோய்ந்த மலரை இறைவன் திருமேனியிற் சார்த்துதல் எங்ஙனம் தகும்? செடிக்கு நோய் வந்துழி வேப்பெண்ணெய்க் கரைசலைப் பூவில் படாமல், வண்டு அடங்கிய மாலைப் பொழுதில் தெளிக்க.

ஐந்தாவது, பூவெடுத்தல் வைகறையில் நிகழ்க. ஒரு செடியின் பூ முழுவதையும் கொய்யாது ஒரு பங்கை விட்டுவைக்க. அப்பங்கு வண்டுக்கும் விதைக்கும் உரியது.

ஆறாவது, இரவு முழுதும் நந்தவனத்தின் மேல் பேரொளி விளக்கு எரிதல் வேண்டா. மிக்க ஒளி இராப்பூச்சிகளைத் தம் தொழிலினின்றும் விலக்கிவிடும்.

ஏழாவது, இவ்விதிகளை நடத்துதற்குத் தோட்ட வாரியம் போல்வதொரு சிறு குழு இருத்தல் வேண்டும். பூக்கட்டும் பெண்டிரும், தோட்டப் பணியாளரும் அதில் இடம்பெறுதல் நலம். செடி மரங்களை அறிந்தவர் அவர்களே. ஆண்டுக்கு ஒருமுறை நட்டதும், பட்டதும், செலவும் கணக்காக எழுதி அன்பர் காண ஒட்டப்பெறுதல் வேண்டும்.

திருமதிலுக்கு வெளியே

நந்தவனத்துக்கு மதில் உண்டு. வண்டுக்கு மதில் இல்லை. ஊர் வெறுமையாயின் திருக்கோயில் மட்டும் பூத்து நிற்றல் இயலாது. ஆதலின் ஊரவையும் இதற்கு இசைதல் வேண்டும். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்மைச் சட்டம், உள்ளாட்சி மன்றம் ஒவ்வொன்றும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றை அமைத்தல் வேண்டும் என விதித்துள்ளது. தம் எல்லைக்குள் உள்ள செடி கொடி உயிரினங்களை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதுதல் அக்குழுவின் பணிகளுள் ஒன்று. உத்தரமேரூரார் தோட்டத்துக்கு வாரியம் கண்ட நெறி இங்கே மற்றொரு பெயரோடு மீண்டுள்ளது என்றல் மிகையாகாது. பெயரளவில் நிற்கும் குழு பயன்படாது. நம் ஊரில் அதனை இயங்கச் செய்தல் நம் கடன். நந்தவனமும் தலமரமும் அப்பதிவேட்டில் ஏறுமாறு செய்க. வீட்டு முன்றிலிலும், குளக்கரையிலும், வாய்க்காலோரத்திலும் நிற்கும் பூஞ்செடிகளைப் புதர் என்று கொள்ளாது விடுக என்று கிராம சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவருக. எவை விடப்படும், எவை அகற்றப்படும் என்ற பட்டியலை அத்தீர்மானத்தோடு இணைக்க. பட்டியல் இல்லாத தீர்மானம் அரிவாளைத் தடுக்காது.

திருப்பணிக்கு வழங்கிய அன்பர்க்கு இறுதியாக ஒரு விண்ணப்பம். கல்லிற் செய்த பணி கண்டார் வியக்க நிற்கும்; நந்தவனத்துக்குச் செய்த பணி நாள்தோறும் இறைவன் திருமுடியில் ஏறும். ஒரு தோட்டப் பணியாளரின் ஊதியம், ஒரு கிணற்றின் பராமரிப்பு, ஒரு காணி நிலம் இவற்றுள் ஒன்றை நந்தவனப்புறமாக விடுதல் இந்நாளிலும் இயல்வதே. அங்ஙனம் விடுவார், விடும் ஆவணத்தில் மேற்கண்ட விதிகளையும் சேர்த்து எழுதுவிப்பாராக. பொருள் கொடுத்தவர் எழுதுவித்த விதியே பல தலைமுறை நிற்கும் என்பதற்கு நம் கோயிற் சுவர்களே சான்று.

கருவூரில் சிவகாமியாண்டார் கைப் பூக்கூடை சிதறியதைப் பொறாது எறிபத்த நாயனார் பட்டத்து யானையையும் எதிர்த்து மழுவோங்கினார். ஒரு கூடைப் பூவுக்கே அத்துணை மதிப்பு. அப்பூ பூத்தற்கு இடமும், அதனை வித்தாக்கும் வண்டுக்கு வாழ்வும் காத்தல் நம்மால் இயன்ற எளிய தொண்டு. இக் குடமுழுக்கு நன்னாளில் அத்தொண்டு இத்திருக்கோயிலில் தொடங்குக. நந்தவனம் சாவா மூவாது தழைக்க, வண்டினம் வாழ்க, அடியார் கூட்டம் பொலிக.

திருச்சிற்றம்பலம்.